அவர் சாப்பிடவில்லை, ஊட்டினார்கள்

மார்கிலான் ஊரில் கல்யாணம் என்றால் விடியற்காலையில் ஆண்களுக்கு மட்டும் புலாவ் போடுவார்கள். அதைச் சமையல்காரர் மாமசோலி கிண்டினால்தான் கல்யாண வீட்டுக்கே மரியாதை. செம்மறியின் வால்கொழுப்பைக் கொப்பரையில் உருக்கும்போது ஒதுங்கும் முறுகலை, வெங்காயத்தோடு வாயில் போட்டுப் பார்க்காமல் அவர் அரிசி போட்டதே இல்லை. மேலே சுடச்சுடப் பச்சைத் தேநீர் குடித்துவிட்டால் கொழுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும் என்பது அவர் நம்பிக்கை. கூடவே கிண்டிக்கொண்டிருந்த அவர் தம்பிக்கும் அதே நம்பிக்கைதான். போன வருஷம் கொப்பரை ஓரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான், பாவி.

அன்றிலிருந்து மாமசோலியின் மனைவி ஜெபினிசோவுக்குத் தூக்கம் இல்லை. நச்சரித்து, அழுது, அவரை ரத்தம் பார்க்க இழுத்துப் போனாள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. கொழுப்பு, வோட்கா, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து வெறும் வயிற்றோடு வரச் சொன்னார் டாக்டர் நசோகத். மனிதர் நிறுத்தினார். உண்மையாகவே நிறுத்தினார், வீட்டில்.

மறுபடி எடுத்தபோது, குழாயில் ரத்தத்தின் மேல் வெள்ளையாகப் பாலாடை மாதிரி மிதந்தது.

"என்னண்ணே இது? வெறும் வயித்தோட வரச் சொன்னேன்ல?" என்றார் டாக்டர்.

"வெறும் வயிறுதான் டாக்டரம்மா. நான் ஒண்ணும் சாப்பிடல."

"காலைல எங்க இருந்தீங்க?"

"கல்யாண வீட்டுல. ஆனா நானா கை வெக்கலை. அந்த வீட்டுப் பெரியவர் தன் கையால ஊட்டினாரு. ஊட்டுற கையத் தட்டிவிட முடியுமா?"

"எத்தனை பேர் ஊட்டினாங்க?"

மாமசோலி யோசித்தார். "மரியாத தெரிஞ்சவங்க எல்லாரும்."

"யார் ஊட்டினாங்கன்னு உங்க ரத்தத்துக்குத் தெரியாதுண்ணே. இப்படியே போனா இதயத்துக்குப் போற குழாய் அடைச்சிரும். உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா?"

ஜெபினிசோ பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் கிண்டப் போகும் வீடுகளுக்கெல்லாம் கூடவே வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

அடுத்த கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் ஹோஷிம்பாய், கொழுப்பு சொட்டச் சொட்ட ஒரு கை புலாவை அள்ளி நீட்டினார். "வாயத் தொறப்பா. என் பொண்ணு கல்யாணம்!"

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது. அதற்குள் ஜெபினிசோ உள்ளே நுழைந்துவிட்டாள். பெண் கால் படாத பந்தி அது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஊட்டுங்கண்ணே, நல்லா ஊட்டுங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டு ஊட்டுங்க. இவரு செத்தா, சாவுக்குப் புலாவ் கிண்ட யாரக் கூப்பிடுவீங்க? நல்லாக் கிண்டுறவங்க ரெண்டே பேருதான் இருந்தாங்க. ஒருத்தரப் பொதச்சாச்சு."

ஹோஷிம்பாய் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

மாமசோலிக்கு முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "ஊர் முன்னால மானத்த வாங்காதடி! எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்."

"வாங்க," என்றாள் அவள். "வீட்டுக்கு வந்தாப் போதும்."