காகத்துக்கு வைத்த சோறும் ரஷ்யக் கண்ணாடியும்

டொரன்டோவின் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு சத்தம் கேட்கும். குளிரங்கிக்கு மேலே சால்வையையும் சுற்றிக்கொண்டு, அப்பாவின் பனிச் சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி, என் அம்மா கனடாவின் வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கூப்பிடுவார். கவிழ்த்து வைத்த பூச்சட்டியின் மேல் ஒரு தட்டு. அதில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, மேலே கொஞ்சம் எள். காகம் வராது. வேலியில் ஓடும் அணில்கூட நின்று பார்க்காது. பக்கத்து வீட்டுக் கோர்டன் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முதல் தடவை அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பூனையைத் தொலைத்துவிட்டீர்களா? பெயரைச் சொல்லுங்கள், நானும் கூப்பிடுகிறேன்" என்றார். பறவைக்குச் சாப்பாடு வைக்கிறோம் என்றேன். "அதற்கென்று விதை விற்கிறார்களே!" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சனி பகவானைப் பற்றி வேலிக்கு மேலால் எப்படி விளங்கப்படுத்துவது?

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் ரவி மாமா, இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து கடைசியாகத் தொலைபேசியில் வந்தார். அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் விடாமல் கேட்டது. "அக்கா, மேல வண்டு நிக்குது, கேக்குதோ? உதுக்கு இருட்டிலயும் கண் தெரியுமாம்" என்றார். வேவு விமானத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்திருந்த பெயர் வண்டு. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. மாமாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சாதகம் பார்த்தவர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா சனிக்கிழமை விரதம். மத்தியானம் வைத்த தட்டு ஞாயிறு காலையில் துடைத்த மாதிரி இருக்கும். "காகம் எடுத்திட்டுது. அவன் இருக்கிறான்" என்பார். அடுத்த சனி வரைக்கும் அம்மா உயிரோடிருக்க அந்த வெறுந்தட்டுப் போதும்.

பங்குனியில் பனி கரைந்தபோது எலிகள் கண்ணில் படத் தொடங்கின. கோர்டனின் தோட்டக் கொட்டிலுக்குக் கீழே வளைகள். "நீங்கள் அந்தத் தட்டு வைப்பதை நிறுத்தினால்..." என்று அவர் மரியாதையாகத் தொடங்கினார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன்.

"நிப்பாட்டவோ? அந்தாளுக்கு விசரோ?"

"அப்ப நஞ்சு வைப்பம்" என்றார் அப்பா.

"நஞ்சைக் காகம் திண்டால்? என்ர தம்பிக்கு நானே நஞ்சு வைக்கிற மாதிரி."

"பொறி வைப்பமே?"

"காகத்தின்ர கால் அகப்பட்டால்? கதையை விடுங்கோ."

ஆக, ஆளைப் பார்த்து அடிக்கிற ஆயுதம்தான் வேண்டும். நான் துள்ளி எழுந்தேன். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற வயது. ஈயக் குண்டைக் காற்றால் சுடும் துவக்கு ஒன்று, அதற்கு மேல் ஓர் இரவுப்பார்வைக் கருவி. மாமா சொன்ன வண்டுக்குக் கண் தெரியுமென்றால் எனக்கும் தெரியட்டுமே.

தோட்டத்து எலிக்காக மலிவில் இரவுக்கண் தேடும் உறவுகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இரவு பிடிக்கும் பழைய வீடியோக் கமரா மலிவு, ஆனால் படம் அரைக் கணம் பிந்தி வரும். எலி அதற்குள் போய்விடும். கடைகளில் பூட்டுகிற பாதுகாப்புக் கமராவைத் துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி, சின்னத் திரை ஒன்றில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் நல்லது. திரையின் வெளிச்சம்தான் உங்கள் முகத்தை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இருக்கிற சொற்ப வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் குழாய்களில் இரண்டாம் தலைமுறை அற்புதமானது, பணக்காரருக்கும் இராணுவத்துக்கும். எனக்கு எட்டியது ரஷ்ய முதல் தலைமுறைக் கண்ணாடி. பிக்கரிங்கில் ஒருவர் பழையதாக விற்றார். செங்கல் பாரம், விளிம்பெல்லாம் மங்கல், பார்ப்பதெல்லாம் பச்சை. ஆனால் என் வளவின் நீளத்துக்கு அது தாராளம். அதோடு ஓர் அகச்சிவப்பு டோர்ச் வேண்டும். முற்றாகக் கண்ணுக்குத் தெரியாத வகையை வாங்காதீர்கள், ரஷ்யக் கண்ணாடிக்கும் அது தெரியாது. முகப்பில் மங்கலாய்ச் சிவப்புப் பொட்டுத் தெரிகிற வகைதான் சரி. இன்னொன்று. சுருள்வில் துவக்கில் இதைப் பூட்டாதீர்கள். அது முன்னும் பின்னும் உதறுகிற உதறலில் குழாய் செத்துப்போகும். கையால் காற்றடிக்கிற துவக்குப் போதும்.

துவக்கைக் கடையில், மீன்தூண்டில்களுக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்தேன். வேகம் குறைந்த வகை, அனுமதிப்பத்திரம் கேட்கவில்லை. காசாளர்ப் பெட்டை கேட்டது ஒன்றுதான்: "பை வேண்டுமா?" யாழ்ப்பாணத்தில் எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் துவக்கு ஒன்று என்னிடம் இருந்தது. இராணுவச் சுற்றிவளைப்பு, வீடு வீடாய்ச் சோதனை என்று சொன்ன காலையில் அப்பா அதைப் பிடுங்கி, உடைத்து, கிணற்றடியில் தாட்டார். நான் அழுத சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று அம்மா என் வாயைப் பொத்தினார். அந்த நாட்டைவிட்டு ஓடிவந்து, இந்த நாட்டில் பைக்குள் போட்டுத் துவக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மட்டைப் பெட்டி ஒன்றில் புள்ளி போட்டுக் குறி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கோர்டன் கண்டுவிட்டார். "உங்கள் நாட்டில் பெண்பிள்ளைகளும் சண்டை பிடித்தார்கள் இல்லையா? கை பழகியிருக்கும்" என்றார். உண்மையான மதிப்போடுதான் சொன்னார். ஒன்பது வயதில் வந்துவிட்டேன், நான் தொட்ட முதல் துவக்கு இதுதான் என்றேன். அவர் கண்ணடித்தார். "நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் நகரத்துக்குள் சுடத் தடை. வேறு யாராவது பொலிசுக்குச் சொன்னால் உனக்குத்தான் கரைச்சல். கவனம், பிள்ளை." நான் சொன்ன ஒரே உண்மையை அவர் நம்பவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை பகல் முழுவதும், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, நகர மத்தியில் வெளிநாட்டுத் துணைத்தூதரகம் ஒன்றின் முன்னால் பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன். கார்க்காரர் சிலர் கை காட்டினார்கள், சிலர் நடுவிரல் காட்டினார்கள். வீடு வந்து இருட்டுப் பட்டதும் குசினிப் பின்கதவில் குந்தி, துவக்கின் மேல் பூட்டிய கண்ணாடியை இயக்கினேன். குழாய் ஙீ என்று கத்தத் தொடங்கியது. பச்சை வளவு. நடுவில் வெள்ளையாய்ச் சோறு. கொட்டில் பக்கமிருந்து மூன்று எலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, உரிமைக்காரர் மாதிரித் தட்டில் ஏறின. கண்கள் பொட்டுப் பொட்டாய் மின்னின. விரல் விசையில் இருந்தது. அப்போதுதான் விளங்கியது: தை மாதத்திலிருந்து மாமாவை உயிரோடு வைத்திருந்தது காகமில்லை, இவைதான்.

அம்மா கை துடைத்தபடி பின்னால் வந்தார். "உது என்னடி, தம்பி கதைக்கேக்க பின்னால கேட்ட சத்தம் மாதிரி?"

"கண்ணாடிதான் அம்மா. நிப்பாட்டவோ?"

"வேண்டாம். என்ன தெரியுது? காகமோ?"

"இருட்டில காகம் வராதம்மா."

"அப்ப ஆர் சாப்பிடுறது?"

"நீங்களே பாருங்கோ."

"முதல்ல உந்தத் துவக்கைக் கழட்டு. துவக்குக்கு மேலால என்ர தம்பியின்ர சோத்தை நான் பாக்கமாட்டன்."

திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

"பார் கள்ளரை! சனியின்ர வாகனம் வரேல்லை எண்டு பிள்ளையார் தன்ர வாகனத்தை அனுப்பியிருக்கிறார். அதுவும் மூண்டு."

"அப்ப சுடுறதில்லையோ?"

"எடியே, வாகனத்தைச் சுட்டால் பிறகு ஆர் அவனுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

அதன்பிறகு துவக்கு அலுமாரிக்குள் போனது. சனிக்கிழமைகளில் தட்டில் சோறு கூடியது. "எலி சுடத் துவக்கு வாங்கின வீட்டில எலிக்கு மூண்டு கறி" என்று அப்பா நக்கலடித்தார். அம்மா "கா கா" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பேசாமல் வைத்துவிட்டு வந்து, இருட்டியதும் என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் பார்ப்பார். வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்தின் மேல் செல் குண்டு விழுந்தது என்று வானொலி சொன்ன இரவிலும் பார்த்தார். "இஞ்ச எலியாவது வயிறு நிறையத் திங்குது" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை தட்டு வைத்தபடியே இருந்தது. சோறு காய்ந்து விறைத்திருந்தது. அம்மா அதற்கு முன்னால் நின்றார், குனிந்து எடுக்கவில்லை. வேலிக்கு அப்பால் கோர்டன் சந்தோஷமாகக் கையாட்டினார். நான் துவக்கோடு மாட்டுப்பட்டுவிடுவேனோ என்ற பயத்தில், அந்தக் கிழமை முழுக்கத் தன் கொட்டிலுக்குக் கீழே பச்சை நஞ்சுக் கட்டிகள் வைத்தாராம். "சத்தமில்லை, இரத்தமில்லை. வளைக்குள்ளேயே போய்ச் செத்துவிடும், ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. இனி நீங்கள் உங்கள் பறவைக்குத் தாராளமாக வையுங்கள்." அவர் நல்ல மனிதர். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றி இன்னும் என் நாக்கில் கசக்கிறது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சுதாம் அம்மா."

அடுத்த நாள் தொலைக்காட்சியும் அதைத்தான் சொன்னது. யுத்தம் முடிந்துவிட்டது. யாரும் பார்க்கத் தேவையில்லாத ஓர் இடத்தில்.

பிறகு அங்கே அகதி முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்களைக் கேட்டோம். மாமாவைக் கண்டவர் இல்லை, செத்ததைக் கண்டவரும் இல்லை. அமாவாசைக்கு விரதம் பிடித்துச் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ என்று சொந்தக்காரர் சொல்லிப் பார்த்தார்கள். "அமாவாசைக்கு வைச்சால் செத்தவனுக்கு. சனிக்கு வைச்சால் இருக்கிறவனுக்கு. நான் சனிக்குத்தான் வைப்பன்" என்றார் அம்மா.

இன்றும் வைத்திருக்கிறார். குசினிப் பின்கதவில் நான் கண்ணாடியோடு குந்தியிருக்கிறேன். இந்தக் கருவியில் ஒரு குறையை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. ஒரு கண்ணில் பச்சையாய் எல்லாம் தெரியும். மற்றக் கண்ணில் டொரன்டோவின் சாதாரண இருட்டு. எடுத்த பிறகு பச்சை பார்த்த கண்ணுக்கு நெடுநேரம் எதுவும் தெரியாது. இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. வளவில் அசைவில்லை. சோறு மட்டும் வெள்ளையாய் இருக்கிறது. ஏதாவது ஒன்று, எலியோ பேயோ, வந்து தின்னாதா என்று பார்க்கிறேன்.

"ஏதும் தெரியுதோ?"

"இல்லை அம்மா."

"வடிவாப் பார், பிள்ளை."