முப்பத்தொன்பது அடி

இட்டுக்கட்டியதாக நினைக்காதீர்கள், கண்ணுகளா. அந்த ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் தங்கை மகள். நடந்த அன்று சாயங்காலமே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பயமாக இருந்தால் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள், தப்பில்லை.

கோயில் வளாகத்துக்குள் இரண்டே அறைகளில் நடக்கும் சின்ன வானொலி நிலையம் அது. காலையில் ஜெபமாலை, மத்தியானம் நோயாளிகளுக்கான மன்றாட்டு. ஐம்பது வருஷம் முடிந்ததால், நிலையத்தின் வரலாற்றை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரலையில் சொல்லும் பொறுப்பைப் பங்குச்சாமியார் அவளிடம் விட்டிருந்தார்.

அவள் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான். நாடகங்களுக்குச் சத்தம் கொடுக்கிறவர். புனித வெள்ளி நாடகத்தில் ஆண்டவர் அடிபடும் காட்சி வந்தால், ஈர மணல் மூட்டையைத் தோல்பெல்ட்டால் விளாசுவார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விரலால் மேசையில் ஒரு தட்டு. நடிகர் முனகத் தயாராக வேண்டுமே, அதற்கு. டக்... சளீர். மொத்தம் முப்பத்தொன்பது.

அவளுக்கு நாலு வயது. அந்த வருஷம் நாடகம் முடிந்தும் அப்பா வீடு திரும்பவில்லை. இன்னொருத்தியோடு பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக நிலையத்தின் அறிவிப்பாளர் சொன்னார். ஊர் நம்பியது. என் தங்கை கண்மூடும்வரை நம்பவில்லை. அப்பா ஓடிப்போனவரா, இல்லையா? அது தெரியாமல் இவளுக்கு எந்தச் சோறும் முழுசாக இறங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை, காலை 11.10. நேரலையில் போன அந்த வருஷத்து நாடகத்தின் ஒலிநாடா பழைய பீரோவில் கிடைத்தது. ஓடவிட்டாள். ஆளுநர் வேடத்தில் அறிவிப்பாளர். "இவனைக் கசையால்..." என்று தொடங்கியவர் திக்கினார். மறுபடி திக்கினார். தூரத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூக்கில் தொடங்கி வாய்க்கு வரும் சிரிப்பு. அம்மா எத்தனையோ தடவை செய்துகாட்டிய அதே சிரிப்பு.

அப்பா.

ஏழு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாள். அழுதாள். பிறகு நாடாவை மேலே ஓடவிட்டாள்.

டக்... சளீர்.

மணல் மூட்டைச் சத்தமாக இல்லை அது.

"விட்டுடுப்பா..." நடுங்கும் கிழக்குரல்.

ஆண்டவராக நடித்தவருக்கு அப்போது முப்பது வயது. அதோடு, ஆண்டவர் எங்கே அப்படிக் கெஞ்சினார்? சட்டென்று நிறுத்தினாள். பழைய நாடா, குரல் கெட்டிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

2.50. நிலையத்தின் கதையைச் சொல்ல அழைத்திருந்த அந்த அறிவிப்பாளர் வந்தார். எண்பது வயது. "ஒடம்புதான் கெழடு, கொரலுக்கு இன்னும் மீசை மொளைக்கல," என்று சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

3.00. சிவப்பு விளக்கு எரிந்தது. கடன் வாங்கிய ஒரே மைக்கோடு நிலையம் தொடங்கிய கதையையும், செய்தி நடுவே கோழி புகுந்து கொக்கரித்த கதையையும் ருசியாகச் சொன்னார்.

3.12. அந்தச் சிரிப்பை ஒலிபரப்பினாள்.

அவர் முகம் வெளுத்தது. "இத எதுக்கும்மா போட்ட?"

"எங்கப்பா சிரிப்பு, ஐயா."

நாடாவை நிறுத்தினாள். நின்றது. ஆனால்...

டக்.

அவர் மேசையில்தான். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

சளீர்.

சட்டை முதுகில் கிழிந்தது. ரத்தம் கண்ணாடியில் தெறித்தது.

டக்... சளீர். டக்... சளீர்.

பங்குச்சாமியார் ஓடிவந்து கதவைத் தள்ளினார். பூட்டே இல்லாத கதவு. அசையவில்லை.

"விட்டுடுப்பா..."

காலையில் கேட்ட அதே குரல்.

"நீ சிரிச்ச... ஊரே கேக்கச் சிரிச்ச... அதான் அடிச்சேன்..."

டக்.

"ஒன் பெல்ட்டாலயே..."

சளீர்.

மைக்கை அடைக்க அவள் விரல் போனது.

விரலை எடுத்துவிட்டாள்.

ஊர் கேட்கட்டும்.

"பின்னால... கெணத்துல..."

முப்பத்தேழு.

முப்பத்தெட்டு.

டக்...

சளீர்.

3.19. கதவு தானாகத் திறந்தது. அவர் மூச்சு நின்றிருந்தது.

உடனே போன் அடித்தது. ஒரு அம்மா. "நாடகம் அருமைங்க. அந்தக் கெழவரா நடிச்சது யாரு?" அடுத்த போனும் அதையேதான் கேட்டது. அதற்கடுத்ததும்.

மறுநாள், நிலையத்துக்குப் பின்னால் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்த கிணற்றை உடைத்தார்கள். எலும்புகள் கிடந்தன. ஓடிப்போனவர் நிலையத்திலிருந்து இருபது அடிகூடப் போகவில்லை, கண்ணுகளா. கழுத்தைச் சுற்றி அவருடைய தோல்பெல்ட்.

போலீஸார் முன்னால் நாடாவை மறுபடி ஓடவிட்டாள். மணல் மூட்டைச் சத்தம், முப்பது வயது நடிகரின் முனகல். கெஞ்சும் குரல் அதில் எங்குமே இல்லை.

இன்னும் ஒன்று. கிணற்றில் இறங்கியவர் பிறகு என் தங்கை மகளிடம் தனியாகச் சொன்னது. முப்பத்தாறு வருஷம் மூடிக் கிடந்த கிணறு. அடிவரை வறண்ட மண். பெல்ட் மட்டும் ஈரமாக இருந்ததாம்.

தொட்ட கை சிவந்ததாம்.