உப்பு நீர் இறங்கிய மிளகுத் தோட்டம்

தங்கம்மாவின் மிளகுக்கொடிகள் கருகியது என்னால்தான். அவர் வந்து கேட்டபோது நோய் என்று பொய் சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். வாழவந்தி நாடு என்னும் மலையூரில் என் வீட்டுக்குப் பின்னால் பாசி பிடித்துக் கிடந்த நீச்சல்குளத்தைச் சீரமைத்தேன். குளோரின் மாத்திரைகளை மலைக்குக் கொண்டுவர அலுத்து, உப்பிலிருந்தே குளோரின் உண்டாக்கும் கருவியைப் பொருத்தினேன். ஒருநாள் உப்பு கூடிப்போகவே, பாதி நீரைச் சரிவில் திறந்துவிட்டேன். கீழே தங்கம்மாவின் தோட்டம். அவருடைய ஒரு வருடப் பிழைப்பு.

மூன்று மாதம் கழித்து, மனம் பொறுக்காமல் இறங்கிப்போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியுமுங்க. அன்னிக்கே மண்ண நாக்குல வெச்சுப் பாத்தேன், கரிச்சுதுங்க" என்றார் தங்கம்மா.

"அப்புறம் நான் நோய்னு சொன்னப்ப ஏம்மா மறுத்துப் பேசல?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க. வாத்தியாருக்கு இத்தன நாளாகும்னு நெனைக்கலீங்க."

அன்றே மேடேறி வீட்டுக்குத் திரும்பினேன்.

கருவியைக் கழற்றினேன். மீதி உப்பு நீரை லாரியில் அகற்றிவிட்டு, குளத்தில் மழைநீரைத் தேக்கி, அந்தப் பருவம் முழுதும் அவர் மண்ணுக்குப் பாய்ச்சி உப்பைக் கழுவினேன். மறு வருடம், பட்டுப்போனதாக நினைத்த கொடிகளில் ஒன்று மட்டும் தளிர்விட்டது. அதை எனக்குக் காட்டவென்றே தங்கம்மா மேடேறி வந்து கூப்பிட்டார். என்னை அறியாமல் கைகூப்பினேன்.