அம்மா எழுதிய தேர்வு

மேட்டுப்பாளையம் பேருந்தில் என் பக்கத்தில் இருந்த பெண், அரசுத் தேர்வுப் புத்தகத்தைப் பார்த்து, “மாடுகள் மேய்ந்தது, மாடுகள் மேய்ந்தன” என்று முணுமுணுத்தாள்.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் இப்படித்தான் படித்தாள். பாக்கு உரித்த கறை மணக்கும் விரலால் என் தலையைக் கோதியபடி, விடைகளை வாய்விட்டு வாசிப்பாள்.

“எது கண்ணு, காதுக்குச் சரியாப் படுது?”

“ரெண்டாவதும்மா.”

“எனக்கும் அதேதான் சாமி.”

அம்மா தேறினாள். மலைக்கு மேலே கூடலூரில் வேலை கிடைத்தது. என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டு, “லீவுக்கு வந்தர்றேன் கண்ணு” என்று பஸ் ஏறினாள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். தப்பான விடையாகவே சொல்லியிருக்கலாமே என்று நான் அழுதேன்.

அந்தப் பெண்ணிடம், “வூட்டுல யாருங்க இருக்காங்க?” என்றேன்.

“பாப்பா இருக்குதுங்க” என்று சிரித்தாள்.