கழித்தல் அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கழித்தல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே. கோபித்துக்கொள்ள மாட்டார். "கூட்டுறதுக்குத்தான் நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே" என்பார்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால்தான் அந்தப் பேர் புரியும். ஒரு மருத்துவமனை கட்டப்போகிறார்கள் என்றால், முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே அதை முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்கு மாடல் என்று பேர். சுவர் ஒருவர், குழாய் ஒருவர், கதவு ஜன்னல் ஒருவர், படிக்கட்டு நான். எல்லாரும் ஒரே மாடலுக்குள்தான் குடியிருக்கிறோம், ஆளுக்கொரு பகுதி. கட்டிடம் சின்னதாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. அது ஊதிப் பெருத்த பிறகு ஒருநாள் திறந்தால், திரை வெளுத்துப்போய்த் தானாகவே மூடிக்கொள்ளும். மாடல் விழுந்துவிட்டது என்போம். ஏன் விழுந்தது என்று அது சொல்லித் தொலைக்காது. 'எதிர்பாராத பிழை' என்று ஒரு வரி மட்டும் வரும். எதிர்பார்த்த பிழையாக இருந்தால் நாங்கள் ஏன் அதைச் செய்யப்போகிறோம்?

அப்போதுதான் அக்காவைத் தேடுவோம். அவர் மாடலில் ஒரு கோடுகூடப் போடுபவர் இல்லை. விழுந்த மாடலுக்கு ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து ஒருவருடைய பகுதியை நீக்கிவிட்டுத் திறந்து பார்ப்பார். விழாமல் நின்றால் கோளாறு அந்தப் பகுதியில். விழுந்தால் அடுத்த ஆளின் பகுதியை நீக்குவார். ஒவ்வொரு தடவை திறக்கவும் அரை மணி நேரம் ஆகும். அதுவரை கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோலத் திரையிடம் பேசிக்கொண்டிருப்பார். "உனக்கு என்னதான்டா வேணும்? சொன்னா செய்ய மாட்டேனா?"

இதில் மேலாளர் ஒரு விதி வைத்திருந்தார். யாருடைய பகுதியில் கை வைத்து மாடலைச் சரிசெய்கிறோமோ, அவர்தான் கெடுத்தவர். கெடுத்தவர் மூட்டை கட்டிக்கொண்டு, கட்டிடம் எழும்பப்போகும் தூரத்து ஊருக்குப் போய், தகர ஷெட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மேற்கூரை போட்டவர் அப்படித்தான் போனார். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். எனக்கு மட்டும் அந்த விதியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் கணவரும் எங்களோடுதான் இருந்தார். குழாய்கள் அவருடையவை. நாங்கள் பைப் அண்ணன் என்போம். அதிர்ந்து பேசாத மனிதர். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் அவர்களுக்கு. மூன்று பேரும் காலையில் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்த மருத்துவமனை மாடல் விழுந்தபோது, அக்கா முதலில் என் படிக்கட்டுகளைக் கழித்தார். விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. கதவுகளைக் கழித்தார். விழுந்தது. குழாய்களைக் கழித்ததும் மாடல் ஜம்மென்று நின்றது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குழாய்களைத் திரும்பச் சேர்த்துவிட்டு, சுவர்களைக் கழித்தார். அதை இதுவரை யாரும் செய்ததில்லை. சுவரே இல்லாவிட்டால் அப்புறம் கட்டிடம் ஏது? ஆனால் அப்போதும் மாடல் நின்றது. குழாய்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது? அவங்க இல்லேன்னாலும் நிக்குது, இவங்க இல்லேன்னாலும் நிக்குது. யார்தான் குத்தவாளி?" என்றேன்.

"தெரியலடி. தனித்தனியா ரெண்டு பேரும் நல்லவங்க."

கடைசியில் கண்டுபிடித்தார். குழாய்கள் மாடி மாடியாக ஏறிப் போகும் ஒரு குறுகிய இடுக்கு. அங்கே சுவர்க்காரர், குழாய் எங்கே நகர்ந்தாலும் சுவரும் கூடவே நகரும்படி பூட்டுப் போட்டிருந்தார். அண்ணனோ, சுவர் நகர்ந்தால் குழாய் நகரும்படி பூட்டுப் போட்டிருந்தார். இது அதைத் துரத்த, அது இதைத் துரத்த, மாடல் மூச்சுமுட்டி விழுந்துவிடுகிறது. ஏன் இப்படி என்று விசாரித்தால், மேலாளர்தான் சுவர்க்காரரிடம் "குழாயைப் பாத்துப் போடு" என்றும், அண்ணனிடம் "சுவரைப் பாத்துப் போடு" என்றும் சொல்லியிருக்கிறார். இருவரும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு.

ஏதாவது ஒரு பூட்டை எடுத்தால் போதும். எந்தப் பூட்டு என்பதுதான் கேள்வி. எடுத்த பூட்டுக்காரர் ஊரைவிட்டுப் போக வேண்டும். நான் மேலாளரிடம் போய் இதைச் சொல்லிப் பார்த்தேன். "நீ உன் படிக்கட்டைப் பாரும்மா" என்றார்.

அக்கா கணவருடைய பூட்டை எடுத்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று நான் கத்தியே விட்டேன்.

"இவரோடதுன்னா வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கலாம். சுவர்க்காரர் வீட்டுக்குப் போய் அவர் பொண்டாட்டிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

வீட்டில் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "சுவரைத் தொட்டிருந்தாலும் நின்னிருக்குமா?" நின்றிருக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் தலையை ஆட்டிவிட்டுத் துணிகளை மடிக்கப் போய்விட்டாராம். "திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்று என்னிடம் சொன்னார் அக்கா.

அண்ணன் போன பிறகு ஸ்கூட்டரில் இடம் தாராளமாகிவிட்டது. மகள் தினமும் போனில், "எப்பப்பா வருவே?" என்று கேட்டதற்கு, "கட்டிடம் முடியட்டும்டா" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை.

அண்ணன் போய்க் கொஞ்ச நாளில் மாடல் மறுபடி விழுந்தது.

அக்கா கழிக்க ஆரம்பித்தார். படிக்கட்டு, கதவு, குழாய், சுவர். எதைக் கழித்தாலும் விழுந்தது. மறுநாள் எதையுமே கழிக்காமல் திறந்தார். நின்றது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் விழுந்தது. கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தார், பழைய நகல்களைத் திறந்து பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எங்களுக்கு. அக்கா திரையிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

மேலாளர் வந்து மேஜையைத் தட்டினார். "இந்தத் தடவை யாரோடது?"

சுவர்க்காரர் தன் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"என்னோடது சார்" என்றார் அக்கா.

"விளையாடாதீங்க. உங்களோடதுன்னு இந்த மாடல்ல ஒண்ணுமே கிடையாதே?"

"எல்லாரையும் கழிச்சுப் பாத்துட்டேன் சார். பாக்கி இருக்கறது நான் ஒருத்திதான். என்னையும் கழிச்சுப் பாருங்க."

மேலாளர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. விதி அவர் போட்டது, பேர் அவர் கேட்டது. மேலாளர் பேந்தப் பேந்த விழித்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன். மாதக் கடைசியில் அக்கா மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு தகர ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார். குடும்பத்தோடு சேர்வதற்காக அவர் போட்ட நாடகம் இது என்று அலுவலகமே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், வாயெல்லாம் பல்லாக வழியனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலை மாடலைத் திறந்தோம். நின்றது. மதியமும் நின்றது. ஒரு வாரம் போன பிறகும் அசையாமல் நின்றது. அக்கா எடுத்துக் குவித்த நகல்கள்தான் சர்வரை அடைத்திருக்கும் என்றார் ஒருவர். அப்படியெல்லாம் இருக்காது என்றார் இன்னொருவர். "நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மேலாளர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவைக் கிண்டல் செய்து சிரிக்கலாம் என்று போன் போட்டேன். பின்னால் மகளும் அண்ணனும் எதற்கோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மாடல் நின்னுடுச்சு. ஒரு வாரமா விழவே இல்ல."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. பிறகு, என்றைக்கும் இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப நெஜமாவே நான்தானாடி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே தெரியவில்லை.