தேவராஜ் அண்ணாச்சியும் வெளிநாட்டுக் கேசட்டும்

தாமிரபரணியில் வெள்ளம் வந்து சந்திப்புப் பக்கமெல்லாம் முங்கியதே, அதற்கு அடுத்த தை மாதம். எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்ததும் அப்போதுதான். தேவராஜ் அண்ணாச்சி போய்விட்டார் என்று முந்தாநாள் பேட்டையிலிருந்து போன் வந்தவுடன், என் நினைவு ஓடியது அந்த மாதத்துக்குத்தான். கல்யாணங்களுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விட்ட அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் நான். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் அவருக்கு ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டு ராக் குழு ஒன்று, சினிமாக்களுக்குப் போட்ட இசையை ஒன்றாகச் சேர்த்தது. எந்தெந்தப் படம் என்று அண்ணாச்சிக்கே தெரியாது. கித்தார் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்று முனகும். தகர டிரம்மை யாரோ தட்டுவார்கள். நடுவில் ஒருவன் பாடாமல் பேசுவான். திடீரென்று எல்லாம் அடங்கும். அப்போதுதான் நமக்கு நெஞ்சு அடிக்கும்.

"உனக்கு எழுத்து தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதுக்கு ரெண்டும் வேண்டாம்வே. கண்ணை மூடு, படம் தானா ஓடும்" என்பார் அண்ணாச்சி. ஓடத்தான் செய்தது.

அந்தத் தையில் டவுணில் ஒரு கல்யாணம். சினிமாப் பாட்டு மட்டும்தான் போட வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்கு அது போதும். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார். குழாய் கெட்டுப்போச்சு என்று யாரோ என்னை வேப்பமரத்தில் ஏற்றிவிட்டார்கள். மேலேயிருந்து பார்த்தால், ஒருவர் கையும் இலையைவிட்டு எழும்பவில்லை.

பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார். "என்னவே இது, இழவு வீடு மாதிரி? சம்பந்தி எந்திரிச்சுப் போயிட்டாருன்னா எம்பொண்ணு கதி?"

"நீங்க சினிமாப் பாட்டுதான அண்ணாச்சி கேட்டிய?" என்றார் தேவராஜ் அண்ணாச்சி.

அவர் ஒயரைப் பிடுங்கக் குனிந்த நேரம், வள்ளியூர் சம்பந்தி பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார். "எந்தப் படம்வே?"

"இங்கிலீஷ் படம் அண்ணாச்சி. நம்ம ஊருக்கு வரல. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

மொத்தப் பந்தியும் சம்பந்தியைப் பார்த்தது. "மதுரையில பாத்துட்டேம்லா" என்றார்.

தேவராஜ் அண்ணாச்சி விடவில்லை. "கடைசியில அவன் செத்துருவாம்லா?"

"ஆமா, பாவம். பொண்டாட்டிதான் கெடந்து அழுவா" என்று சாம்பாரைப் பிசைந்தார் சம்பந்தி.

அதற்குப் பிறகு கேசட் முடியும்வரை மொத்தப் பந்தியும் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டது. பெண்ணின் தகப்பனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயசத்தைப் பையக் கொண்டுவரச் சொன்னார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேட்கிற பழக்கம்தான். டிவியில் படம் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தூங்கிவிட்டேன் என்று மகள் அணைத்துவிடுவாள். பெண்ணின் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர் என்று இனி இருப்பது, வள்ளியூர் சம்பந்தி ஆறுமுகம் பிள்ளை ஒருவர்தான்.