ரேடியோ நின்றுபோன எக்கோ அறை

ஆஸ்பத்திரியில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கும் அந்த அம்மாவுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. நெஞ்சில் ஜெல்லைத் தடவும்போதே, “ஐஸ் மாதிரி இருக்கும், என்னைத் திட்டாதீங்க” என்று ஆரம்பித்தால், ஆள் எழுந்து போகும்வரை கதைதான். பயந்து வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து!

ஆனால், சர்க்கரை வியாதி இதயத்தை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி தொடங்கியதிலிருந்து மனுஷி துவண்டுபோயிருந்தாள். வழக்கமான வேலைக்கு மேல் இது வேறு. கருவியை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. வீட்டில் துணி பிழியக்கூட முடிவதில்லை.

வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் சர்க்கரைக்காரர்கள். எதிரே, ஒப்பிட்டுப் பார்க்க, சர்க்கரை இல்லாதவர்கள். அந்த இரண்டாவது பெஞ்சுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் பஸ் ஓட்டும் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள்.

“எனக்கு நாக்குல மட்டும்தாம்மா சர்க்கரை” என்று இடப்பக்கம் சாய்ந்து படுத்தார் அண்ணன்.

“உன் நாக்குலயா? அண்ணியக் கேட்டா வேற சொல்வாங்க. சரி, மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்து.”

திரையைப் பார்த்தாள். இதயம் நன்றாகத்தான் சுருங்கியது. விரிந்து ரத்தத்தை வாங்கும்போதுதான் இடறியது. ரத்தம் உள்ளே பாய்வதைக் காட்டும் கோட்டில், அந்த வயதுக்கு முதல் அலை உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் வர வேண்டும். இங்கே தலைகீழ். கோணத்தை மாற்றினாள். அதேதான். ரத்தக்கொதிப்பாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். ஆனால் சர்க்கரைக்காரர்களிடம் தினமும் பார்த்துச் சலித்த விறைப்பு அல்லவா இது? உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தெரியாத ஆளைப்போல, இளைப்பாறத் தெரியாத இதயம்.

கட்டிலை விரல் தட்டும் சத்தம். அண்ணனின் முகம் சிவந்து கிடந்தது. ஐயோ, மூச்சை இழுக்கச் சொல்லவே மறந்துவிட்டாள்!

“இழுண்ணே, மூச்ச இழு!”

அவர் இரைக்க இரைக்கச் சொன்னார்: “ரேடியோ நின்னுடுச்சே... அப்ப ஏதோ இருக்கு.”

“டாக்டர்தான் சொல்லணும்ணே.”

“எங்கிட்டயேவா?” கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “போன வருஷத்துலேர்ந்து மாத்திரை போடறேம்மா. உங்க அண்ணிக்கும் தெரியாது. டிப்போவுல தெரிஞ்சா ஸ்டியரிங்க விட்டு எறக்கிடுவாங்களோன்னு பயம். நான் சர்க்கரை இல்லாதவனாவே இருந்துட்டுப் போறேனே?”

சரி என்று சொல்லிவிடத்தான் ஆசை. சண்டை போடத் தெம்பில்லை.

“நாக்கு பொய் சொல்லும்ணே. நெஞ்சு சொல்ல மாட்டேங்குதே.”

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டபடி அவள் கதவிடுக்கில் பார்த்தாள். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே, நிறுத்தம் தெரியாத பயணிபோல அண்ணன் நின்றார். பிறகு சர்க்கரைக்காரர்களின் பெஞ்சுக்குப் போனார். அங்கிருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.